பலகை இல்லாத தோணி

வெள்ளைக்காரன் தேத்தண்ணி ஊற்றினால் சீனியை அடியில் போட்டுக் கலக்காமல் தந்துவிடுவான். குடிக்கக் குடிக்கக் கசப்பு, கடைசி மிடறு மட்டும் சீனிப் பாணி. குன்றின் மேல் வேலை பார்த்த பத்து மாதமும் நான் அப்படித்தான் குடித்தனான். கரண்டி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழகினால் அதுவும் நல்லாய்த்தான் இருக்கும்.

நீதவான் ஐயா, இதை என்ர கையாலேயே எழுதுகிறேன். துரைமாருக்கு மொழிபெயர்க்கிற கிளாக்கர் ஞானசேகரம் ‘நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்’ என்று பேனையைத் தூக்கினவர். நான் விடவில்லை. சொல்லுகிறவன் வாய்க்கும் எழுதுகிறவன் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருக்கிறது. அந்த ஒரு சாணுக்குள் எத்தனை பேர் காணி பூமியைத் துலைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு மட்டும் படித்தவன். எழுத்து மாடு உழக்கின வயல் மாதிரித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கட விசாரணைத் தாளில் என்னைப் பற்றி ஒரு வசனம் இருக்கிறதாம். கிளாக்கர் வாசித்துக் காட்டினவர். ‘முதியவரான கோணாமலையின் கண்பார்வைக் குறைவினால் நேர்ந்த தவறு. அவர்மேல் குற்றமில்லை.’ திருப்பி ஒருக்கால் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது பிழை ஐயா. அந்த வேலையில் நான் ஒரு நாளும் தவறு விட்டதில்லை. கடைசி நாள் விட்டதேயில்லை. அதை விளங்கப்படுத்தத்தான் ஒரு கொப்பி வாங்கினேன்.

போன வருசம் சித்திரையில் யப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனான். எண்ணெய்த் தாங்கி நாள்கணக்காய் எரிந்தது. பட்டினத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினது. சல்லியில் நாங்கள் ஓடவில்லை. வள்ளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு கந்தளாயில் போய் என்ன பிடிக்கிறது, குளத்து விராலா?

அதுக்குப் பிறகு நேவிக்காரருக்கு ஒரு பயம் பிடித்தது. யப்பான்காரன் இனி மீன்பிடிக்கிறவன் வேசத்தில் வருவானாம். அதனால் வெளியூர்த் தோணிகளுக்குச் சட்டம் போட்டார்கள். புறாமலையில் இருந்து கோணேசர் மலைக்குக் கடலில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு உள்ளே வாறது எதுவும் நேவியின் கணக்கு. வெளியூர்த் தோணி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசின பலகை, அதில் கறுப்பு இலக்கம், முன் அணியத்தில் கட்ட வேண்டும். தோணி கரையில் நிற்கிற நாளில் பலகையைக் கழற்றிக் குன்றடிக் கொட்டிலில் ஒப்படைக்க வேண்டும். பலகையோடு கடலில் நின்றால் நிறுத்திச் சோதிப்பார்கள். பலகை இல்லாமல் நின்றால் கிட்டப் போகவே மாட்டார்கள். வெடி வைத்திருப்பான் என்று தூரத்தில் நின்றே சுடுவார்கள். கரையிலும் அவர்கள் ரோட்டடி முள்ளுக்கம்பியைத் தாண்ட ஏலாது. அவர்களுக்கு வாற கடிதத்தை முதலில் நேவி உடைத்துப் பார்க்கும்.

வெளியூரார் என்றால் வேறு ஆர், நாகபட்டினப் பக்கத்துச் சனம்தான். பங்குனி கழியச் சோளகப் பருவத்தோடு வந்து சல்லி ஓரத்தில் வாடி போட்டு, மீனைக் காயவைத்து, புரட்டாசியில் திரும்பிப் போவார்கள். நாலு வாடி, பதினொரு தோணி. சண்டை வந்ததால் திரும்ப ஏலாமல் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் கதைக்கிறதும் தமிழ், கும்பிடுகிறதும் அம்மனை. பிறகு என்ன வெளியூர் என்று எங்கட ஆட்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. அடுத்த வளவுக்காரன் வேலியைத் தள்ளிப் போடுவான் என்று விடிய எழும்பி அளக்கிறவன் நான். கடல் தாண்டி வந்தவனை எந்தக் கோலால் அளக்கிறது?

துரைமாருக்கு ஒரு சிக்கல். தூரத்தில் தெரிகிற பாய் எங்கட வள்ளமோ, வெளியூர்த் தோணியோ, யப்பானோ என்று அவர்களால் சொல்ல ஏலாது. ஊரில் விசாரித்தார்கள். எல்லாரும் என்ர பெயரைச் சொன்னார்கள். ‘கோணாமலையர் பாயின்ர நுனி தெரிஞ்சால் காணும், வள்ளம் ஆற்றையெண்டு சொல்லுவார்.’ அது உண்மைதான். ஆறு வருசத்துக்கு முந்தின உண்மை.

குன்றின் மேல் ஒரு கதிரை தந்தார்கள். கழுத்தில் தூரக்கண்ணாடி. கையில் ஒரு பட்டி. பக்கத்தில் கம்பம், கயிறு, மூன்று கொடி. வெள்ளை என்றால் எங்கட ஆள், விடு. சிவப்பு என்றால் வெளியூரான், நிறுத்திச் சோதி. கறுப்பு என்றால் எதிரி.

முதல் நாள் சிவப்பை ஏற்றினது இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது. கயிற்றை இழுத்தேன். கீழே நங்கூரம் போட்டுக் கிடந்த லாஞ்சி ‘டக்கு டக்கு’ என்று உறுமிக்கொண்டு எழும்பி ஓடினது. அதுக்குள் எட்டு வெள்ளைக்காரன். அறுபத்தொரு வயதில், காற்சட்டை போட்டறியாத ஒரு மனுசன் கயிற்றை இழுக்க, எட்டு வெள்ளைக்காரன் ஓடுகிறான். எனக்கு வயிற்றுக்குள் கள்ளு நுரைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழும்பினது. கதிரையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் பறந்திருப்பேன் போல இருந்தது.

ஒருநாள் சும்மா பார்ப்பம் என்று என்ர மச்சான் கனகசபைக்குச் சிவப்பை ஏற்றினேன். பாயை இறக்கப் பண்ணி, மீன்பறியைக் கொட்டி, அவன்ர வெத்திலைப் பெட்டியையும் திறந்து மணந்து பார்த்திருக்கிறார்கள். பின்னேரம் குன்றடியில் வந்து நின்றான்.

“டேய் கோணாமலை, எனக்கே சிவப்போடா?”

“காலமை நீ என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு உள்ளூர்ச் சிரிப்பாய் இல்லை, மச்சான்.”

“நீ நல்லா இருப்பியோ?”

“கதிரையில இருக்கிறன். இதை விட என்ன நல்லம்?”

அடுத்த நாளில் இருந்து கடற்கரையில் என்னைக் கண்டால் ஆட்கள் சிரிக்கிறதுக்கு முந்தி ஒருக்கால் யோசித்தார்கள். அது நல்ல காலம் ஐயா. காலில் மண் படாமல் நடந்த காலம்.

இனிக் கண்ணைப் பற்றிச் சொல்லுகிறேன், நீங்கள் எழுதிவிட்டபடியால். கிட்டப் பார்வை எனக்கு ஊசியில் நூல் கோர்க்கிற பார்வை. தூரம் போய்விட்டது. குன்றில் இருந்து பார்த்தால் கடல் அரிசி கழுவின தண்ணீர். அதில் வள்ளமும் இல்லை, பாயும் இல்லை. பக்கத்தில் ஒரு நேவிக்காரன் இருப்பான். அவன் தன்ர கண்ணாடியால் பார்த்து ‘அங்கே’ என்று விரலை நீட்டுவான். பலகை இருந்தால் இரண்டு கையாலும் சதுரம் போட்டுக் காட்டித் தலையை ஆட்டுவான். என்ர பாசை அவனுக்குத் தெரியாது, அவன்ர பாசை எனக்குத் தெரியாது. விரலும் சதுரமும் காணும். மிச்சம் என்ர வேலை. நானும் என்ர கண்ணாடியைத் தூக்கி வைத்து ‘ம்’ என்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். பார்க்கிறது கடலை இல்லை, ஊரை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தெற்கால் ஒரு பாய் என்றால் அது கிண்ணியாவார் இல்லை. அங்கத்து லாபிர் ஆட்கள் எல்லாரும் ஜும்மாவுக்குக் குளித்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை புது வலை போட எங்கட ஆட்கள் போகமாட்டார்கள். யோகராசாவின் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்து துடக்கு, அவனோடு ஒருத்தரும் ஏறமாட்டார்கள், அப்ப தனிய நிற்கிறது அவன். கனகசபையும் தமையனும் கோவம், ஆகவே வடக்கே ஒன்று நின்றால் தெற்கே மற்றது. விடியக் கரையால் ஒருக்கால் நடந்து ஆர் வீட்டில் அடுப்பு எரியுது, ஆர் வீட்டில் சண்டை, ஆர் மருந்து குடிக்கிறான் என்று கேட்டு வைத்துக்கொண்டால் கடல் முழுக்க என்ர மடியில். பத்து மாதத்தில் ஒரு கொடி மாறவில்லை. கண் இருக்கிறவன் செய்து காட்டட்டும்.

இதைக் கண்டுபிடித்தவன் ஒருத்தன்தான். சிங்காரவேலு.

அவன் வெளியூராரில் ஒரு வாடிக்குச் சம்மாட்டி. மூன்று தோணி. முப்பத்தைந்து வயது இருக்கும். பல் பெரியது, அதனால் சிரிக்காத நேரமும் சிரிக்கிற மாதிரி இருப்பான். செவ்வாய்க்கிழமைகளில் சம்மாட்டிமார் குன்றில் ஏறிப் பலகைக் கணக்குச் சொல்ல வேண்டும். புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய், பக்கத்தில் இருந்த நேவிக்காரன் சாப்பிடப் போயிருந்தான். நான் கண்ணாடியைத் தூக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்காரவேலு வந்து பக்கத்தில் நின்றான்.

“பெரியவரே, கண்ணாடிக்கு மூடி போட்டிருக்கு.”

நான் கண்ணாடியை இறக்கவில்லை. “வெயில் கூசுது. அதுதான்.”

“மூடிக்கு மேல மேகம் வேற போட்டிருக்கே.”

பிறகு அவன் நிலத்தில் குந்திச் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கெட்டிக்காரன், ஒவ்வொன்றாய் விளங்கிக்கொண்டான். “அதான் வெள்ளிக்கெழமைன்னா எந்தப் பாயையும் கிண்ணியா ஆளுங்கன்னு சொல்றதில்லையா? அடேயப்பா. கண்ணு இல்லாம கடல காவல் காக்கிற ஆளு. துரைக்குத் தெரியுமா?”

நானும் சிரித்தேன். ஒருத்தன் உன்ர கழுத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தால் நீயும் சேர்ந்து சிரிக்கிறதுதான் நல்லது. கண் பொட்டை என்று தெரிந்தால் அடுத்த நாளே கதிரை போய்விடும். பிறகு நான் கீழே இறங்கி, கனகசபைக்கு முன்னால் வலைக்குத் துளை பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அவன் சிரிப்பான். ஊரே சிரிக்கும்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “பயப்படாதீங்க பெரியவரே. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்.”

ஆணையிட்டவனை நம்பலாம் என்று உலகம் சொல்லும். நான் அவனை நம்பவில்லை. ஆனால் அவன்ர அம்மாவை நம்பினேன். நாகபட்டினத்தில் ஒரு கிழவி உயிரோடு இருக்கும் வரைக்கும் இவன் வாய் திறக்கமாட்டான். செவ்வாய் தவறாமல் கேட்பேன், “கொம்மா எப்பிடி இருக்கிறா?” அவன் பூரித்துப்போவான். “உங்களப் போல விசாரிக்கிறவங்க யாரு பெரியவரே” என்பான். அந்தக் கிழவியின் சுகத்துக்காக நான் கோணேசருக்குக் கற்பூரமும் கொளுத்தினனான். இது உண்மை.

இந்தச் சித்திரைக் கடைசியில் கடிதம் வந்தது. வெளியூரார் கடிதங்களை நேவி பட்டினத்திலேயே உடைத்துப் பார்த்து முத்திரை குத்தி என்னிடம் தருவது வழக்கம். நான்தான் வாடிகளுக்குக் கொண்டுபோவேன், எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். சிங்காரவேலுவுக்கு எழுத்துத் தெரியாது. குன்றடியில் இருந்து விரித்துப் பார்த்தேன். நாலு வரி. அம்மா பங்குனி இருபத்தெட்டில் காலமானா. கொள்ளி வைக்கப் பங்காளி ஒருத்தரைப் பிடித்தோம். அவ்வளவுதான்.

முதலில் திருப்பி ஒருக்கால் வாசித்தேன். அவன்ர வாய்க்குப் பூட்டாய் இருந்த கிழவி போய்விட்டா. செத்த ஆளின் மேல் செய்த சத்தியம் எதில் நிற்கும்? பிறகு மெல்ல மெல்ல எனக்கு ஒரு சந்தோசம் வரத் தொடங்கினது. அவ செத்தது உலகத்தில் எங்கட கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லும் வரைக்கும் அவ சாகவில்லை. கடிதத்தை மடித்து மடியில் செருகினேன். இருபது நாள் அவ என்ர மடியில் உயிரோடு இருந்தா. நடக்கும்போது கடதாசி சரசரக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த இருபது நாளில் மூன்று செவ்வாய் வந்தது. மூன்று தரமும் கேட்டான். “கடுதாசி ஏதும் வந்துச்சா பெரியவரே?”

“சண்டை நேரம். கப்பல் வரவேணுமே.”

இரண்டாவது செவ்வாய் ஒரு சீலை கொண்டுவந்து காட்டினான். மூதூரில் இருந்து புடைவை கொண்டு வாற ஸெய்னுதீனிடம் வாங்கினதாம். வெள்ளைச் சீலை, நீலக்கரை. அம்மாவுக்கு நீலக்கரைதான் பிடிக்குமாம். விரலால் தேய்த்துப் பார்த்தேன். நல்ல சீலை. “நல்லா உழைக்கும்” என்றேன். ஒரு மகனுக்கு இருபது நாள் கூடத் தாயைக் கொடுத்தவன் நான். அதையும் நீங்கள் எழுதவில்லை.

இனிப் பொங்கல். எங்கட அம்மனுக்கு வைகாசியில் பொங்கல் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பின்னேரம் காப்புக் கட்டு. காப்புக் கட்டினால், மறுநாள் பொங்கி, அம்மன் கடலாடி, திரும்பக் கோயிலுக்குப் போகும் வரைக்கும் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. வெளியூராரும் இறங்கமாட்டார்கள், அவர்களுக்கும் அதே அம்மன். கிண்ணியாவாரும் அன்றைக்கு இந்தப் பக்கம் வாறதில்லை. அது அவர்கள் தாற மரியாதை. இதை நான் ஒரு கிழமைக்கு முந்தியே, குன்றுக்குப் பொறுப்பான செம்பட்டைத் தலைத் துரைக்கு விளங்கப்படுத்தினேன். கிளாக்கர்தான் சொல்லிக்கொடுத்தவர். “அண்டைக்குக் கடலிலை ஒரு பாய் தெரிஞ்சால் அது எங்கட ஆக்கள் இல்லை, வெளியூராரும் இல்லை எண்டு சொல்லுங்கோ.” துரை என்ர தோளில் தட்டினார். ஒரு சுருட்டும் தந்தார். நான் சொன்னது முழுக்க உண்மை.

காப்புக் கட்டு அன்று காலமை பதினொரு தோணியும் கரையேறினது. பதினொரு பலகையும் வந்தது. கொட்டில் சுவரில் ஆணியடித்து வரிசையாய்த் தொங்கவிட்டேன். சிங்காரவேலுவின் சொந்தத் தோணியின் பலகை ஏழாம் இலக்கம். பலகைகளுக்குக் கீழே ஒரு கும்பமும் வைத்தேன், அம்மன் நாள் என்று. நேவிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, அழகாய் இருக்கிறது என்ற மாதிரிக் கையைக் காட்டினார்கள்.

மத்தியானம் வாடிக்குப் போய்க் கடிதத்தை வாசித்தேன்.

எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது ஐயா. தூரத்தில் சாவு நடந்தால் செத்த நாள் கணக்கில்லை, காதில் விழுந்த நாள்தான் கணக்கு. அந்த நாளில் இருந்துதான் துடக்கு, தீட்டு எல்லாம். இருபது நாளுக்கு முந்தி வாசித்திருந்தால் பொங்கலுக்கு முந்தி அழுது, எண்ணெய் வைத்து, சுத்தமாகியிருப்பான். நான் பொங்கலுக்கு முதல் நாள் வாசித்தேன். அம்மா மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்ர வாயில் செத்தா.

அவன் மணலில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் தலையில் அடித்தான். பக்கத்தில் தம்பி அஞ்சப்பன் நின்று அழுதான். அவனுக்கும் அதே தாய், அதே துடக்கு. கொஞ்ச நேரம் பொறுத்து நான் எழும்பிக் குளித்துவிட்டு, கோயிலடியில் போய்க் கையை நீட்டினேன். பதினைந்து வருசத்துக்குப் பிறகு காப்புக் கட்டினேன். பூசாரியாருக்கு ஆச்சரியம். “என்ன கோணாமலை, பக்தி வந்திட்டுதோ?” “வயது போகுது” என்றேன்.

மறுநாள் காலமை அண்ணனும் தம்பியும் கொட்டிலுக்கு வெளியே, ஐந்தாறு பாகம் தள்ளி வந்து நின்றார்கள். கண் வீங்கியிருந்தது. அவர்களுடைய இக்கட்டு எனக்குத் தெரிந்ததுதான். அவர்களின் வாடி நிற்கிற இடத்தில்தான் அம்மன் கடலாட வாறது. துடக்குக்காரன் அம்மன் கண்ணில் படக் கூடாது. ஊருக்குள் தோரணமும் கும்பமும், அங்கே போக ஏலாது. ரோட்டுப் பக்கம் முள்ளுக்கம்பி, வெளியூரான் தாண்ட ஏலாது. நிலத்தில் நேவி, கரையில் அம்மன். மிச்சம் கடல்தான்.

“எங்க போறதுன்னு தெரியல பெரியவரே,” என்றான்.

“தோணியை இறக்கிக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் கடலிலை நில். அம்மன் திரும்பின பிறகு வா. வெளியால போகாத, நீர்மூழ்கி திரியுதாம். கோட்டுக்கு உள்ளே நில்.”

“அப்ப பலகை?”

நான் காப்புக் கட்டின கையைத் தூக்கிக் காட்டினேன். “நான் எடுத்து உன்ர கையிலை தர ஏலாது. நீ உள்ள வரவும் ஏலாது, கும்பம் வைச்சிருக்கு. பலகை என்னத்துக்கு? பாக்கிறவன் நான். கொடி ஏத்துறவன் நான். உனக்கு வெள்ளையை ஏத்தி விடுறன்.”

அவன் கும்பிட்டான். “மறந்துராதீங்க. உங்க வெள்ளைய நம்பித்தான் போறோம்.”

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நேரம் என்ர மனம் ஒரு சொட்டு இளகினது. வெள்ளையையே ஏற்றிவிட்டால் என்ன என்று ஒரு நினைவு வந்து போனது. கதிரை எனக்கு, உயிர் அவனுக்கு, ஆளுக்கொன்றாய் இருக்கட்டுமே என்று. அப்போதுதான் தம்பிக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுத முகத்தோடேயே ஒரு பகிடி விட்டான்.

“கண்ணாடி மூடியத் தொறந்து வச்சுக்குங்க பெரியவரே.”

தமையன் அவன்ர தலையில் ஒரு தட்டுத் தட்டினான். ஆனால் சொல் வந்துவிட்டது. தம்பிக்கு எப்படித் தெரியும்? ஆரிடமும் சொல்லமாட்டேன் என்றவன் சொல்லியிருக்கிறான். என்ர மனம் அந்த இடத்திலேயே சமநிலைக்கு வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது. “ஓம் ஓம், திறந்து வைக்கிறன். கவனமாய்ப் போயிட்டு வாங்கோ” என்றேன். அண்ணனின் கக்கத்தில் அந்த நீலக்கரைச் சீலை இருந்தது. கடலில் விடப் போகிறானாக்கும் என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு குன்றில் ஏறினேன். ஐயா, அந்த ஏற்றத்தைப் பற்றி எழுத எனக்குப் படிப்புப் போதாது. முழங்கால் நோ ஒன்றும் தெரியவில்லை. கீழே பறை, உடுக்கு, சனத்தின் இரைச்சல். பொங்கல் புகை மேலே வந்து மணக்குது. தலை கிறுகிறுத்தது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

செம்பட்டைத் துரையும் அன்று மேலே நின்றார், கிளாக்கரும் நின்றார். பத்தரை மணி இருக்கும். நேவிக்காரன் விரலை நீட்டினான். புறாமலைப் பக்கம், கோட்டுக்கு உள்ளே. பிறகு இரண்டு கையாலும் சதுரம் போட்டான். தலையை இல்லை என்று ஆட்டினான்.

துரை கேட்டதைக் கிளாக்கர் சொன்னார். “உங்கட ஆக்களோ எண்டு கேக்கிறார்.”

“எங்கட ஆக்கள் இண்டைக்கு இறங்கமாட்டினம்.”

“வெளியூராரோ எண்டு கேக்கிறார்.”

“அவங்கட பலகை கீழே தொங்குது. ஆளை விட்டு எண்ணிப் பாக்கச் சொல்லுங்கோ.”

ஆள் ஓடி எண்ணிக்கொண்டு வந்தான். பதினொன்று. துரை என்னைப் பார்த்தார். ஒரு துரை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. நான் கண்ணாடியைத் தூக்கினேன். மூடியைத் திறந்துதான் தூக்கினேன், சொன்ன சொல்லைக் காப்பாற்ற. அரிசி கழுவின தண்ணீர் அப்படியே கிடந்தது. ‘ம்’ என்றேன்.

கறுப்புக் கொடி பத்து மாதமாய் மடித்தபடியே இருந்தது. கோடு விழுந்திருந்தது. பூச்சி உருண்டை மணத்தது. கயிற்றில் கொளுவி இழுத்தேன். பாரமே இல்லை. பட்டம் ஏற்றுகிற மாதிரிப் போனது. காற்று ஒரு சொடுக்குச் சொடுக்கி விரித்தது. அப்படி ஒரு வடிவு.

அம்மன் அப்போதுதான் தண்ணீரில் இறங்கினது. லாஞ்சியின் பீரங்கி மூன்று தரம் முழங்கினது. கரையில் நின்ற சனம் அதைக் கோயில் அதிர்வெடி என்று நினைத்துக் குரவை போட்டது. எங்கட பெண்டுகள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிப் போட்ட குரவை குன்று மட்டும் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானும் கையைத் தலைக்கு மேல் கூப்பினேன்.

பிறகு நேவிக்காரன் சொன்னானாம், தோணியில் நின்றவன் ஒரு வெள்ளைச் சீலையை விரித்து வீசினான் என்று. வெள்ளை ஏற்றுவேன் என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, தானே ஒன்று ஏற்றிப் பார்த்தானாக்கும். நான் காணவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, என்ர கண்.

சிங்காரவேலு மூன்றாம் நாள் நிலாவெளிக் கரையில் ஒதுங்கினான். தம்பி ஒதுங்கவில்லை. சீலை மட்டும் சல்லியிலேயே வந்தது. எங்கட ஆட்கள் அலறினார்கள், கனகசபை என்னை வெட்ட வந்தான், நேவிக்காரர் பிடித்தார்கள். பிறகு நீங்கள் வந்தீர்கள், விசாரித்தீர்கள், எல்லாரையும் பார்த்துப் பரிதாபப்பட்டு அந்த வசனத்தை எழுதினீர்கள். இப்போது கதிரையில் வேறொருத்தன் இருக்கிறானாம். இளந்தாரி, நல்ல கண்ணாம். கிண்ணியாவாருக்கும் சிவப்பு ஏற்றுகிறானாம். கேட்க வயிறு எரிகிறது.

ஆகவே நீதவான் ஐயா, ‘கண்பார்வைக் குறைவினால்’ என்றதை வெட்டுங்கோ. தோணி எங்கே நிற்கும், அதில் ஆர் நிற்பான், பலகை ஏன் இராது, எல்லாம் நான் முதல் நாளே கண்டனான். கறுப்பை அந்த இருவருக்கென்றே ஏற்றினனான். தவறு இல்லை. தூக்குவதென்றால் தூக்குங்கோ, ஆனால் தெரியாமல் செய்தான் என்று எழுதித் தூக்காதேங்கோ. தூக்குவதில்லை என்றால் வாற சோளகத்துக்கு அந்தக் கதிரையை எனக்கே தாங்கோ.

முடிக்க முந்தி இன்னொன்று. நேற்றுக் கொப்பிக்கு மை வாங்கக் கிளாக்கரிடம் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். துரைக்கு என்ர கண் போனது ஐப்பசியிலேயே தெரியுமாம். சிங்காரவேலு வந்து சொன்னானாம், கிளாக்கர்தான் இங்கிலீசில் ஆக்கிக் கொடுத்தவராம். ‘அந்தப் பெரியவருக்குக் கண் தெரியாது. ஆனால் கண் உள்ள பத்துப் பேரை விட அவருக்கு இந்தக் கடல் தெரியும். அவர் விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒரு ஆளை எப்போதும் வையுங்கள், வேலையை விட்டு நிற்பாட்டாதீர்கள்.’ துரை சிரித்துவிட்டுச் சரி என்றாராம். சாப்பாட்டு நேரத்திலும் என்னைத் தனிய விடக் கூடாது என்று அன்றைக்குத்தான் கட்டளை போட்டாராம். இதைச் சொல்லிவிட்டுக் கிளாக்கர் அழுதார். நான் ஏன் அழவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

பாருங்கோ ஐயா. தாய் உயிரோடு இருக்கும்போதே, தாய் மேல் ஆணையிட்டு ஒரு மாதம் போக முந்தியே, போய்ச் சொல்லியிருக்கிறான். நான் ஒருத்தரையும் நம்பாதது எவ்வளவு சரியாய்ப் போயிற்று.